விற்றுப்போன ஒரு தட்டு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். வீட்டிலும் சொல்வார்கள், ஆபீசிலும் சொல்வார்கள். 1993-இல் அந்த வாயால் வந்த வினை ஒன்றை இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போதெல்லாம் ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போவேன். மரக்காணம் ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெறும் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், பெரிய இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள்; பழைய தட்டுகள் சிலதை விற்கவும் செய்வார்கள். தமிழ்ப் பாட்டுக்குத்தான் கூட்டம். இங்கிலீஷ் ராக் கேட்பவர்கள் ஊருக்கே நாலைந்து பேர். அதில் உருப்படியாகச் சண்டை போடத் தெரிந்தவர்கள் நானும் என் நண்பனும்தான். அவன் திண்டிவனத்துக்காரன். மாதா கோயிலில் பூசைக்குக் கிட்டார் வாசித்துவிட்டு நேரே கடைக்கு வருவான்.

எங்கள் சண்டை எப்போதும் ஒன்றுதான்: எந்த பேண்ட் பெரியது? புதுச்சேரி பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் இங்கிலீஷ் பத்திரிகைகளிலிருந்து, எந்தத் தட்டு எத்தனை லட்சம் விற்றது என்று வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அதுதான் என் வேதம்.

“லட்சம் வித்தா லட்சம் பேருக்குப் புடிச்சிருக்கு. இதுல இன்னாடா சந்தேகம்?” என்பேன்.

“இந்தக் கடையில ஒரு பேண்டுக்கு ஒரே ஒரு தட்டு இருக்குது. அதுலேர்ந்து எத்தினி கேசட்டு ஏத்திக்கினு போயிருப்பாங்க? அதெல்லாம் உன் நோட்டுல இருக்குதா?” என்பான் அவன். “வாங்கி அலமாரில வெச்சவனும் ஒரு கணக்கு, தேயத் தேயக் கேட்டவனும் ஒரு கணக்கா?”

பதில் தெரியாதபோது நான் சத்தத்தைக் கூட்டுவேன்.

அவனிடம் ஒரு தட்டு இருந்தது. அட்டையில் ஒரு மஞ்சள் சுவர், வேறொன்றும் இல்லை. புதுச்சேரியில் மெக்கானிக்காக இருந்த அவன் அண்ணன் வாங்கி வந்தது. பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது, பிளேயரையும் இந்தத் தட்டையும் சேர்த்து வாங்கியிருந்தார். அந்த பேண்டின் பெயர் என் நோட்டில் எங்கேயும் இல்லை. முந்தின வருஷம்தான் அந்த அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்திருந்தார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டையில் தோற்கிற எரிச்சலில் சொன்னேன்: “எவனும் வாங்காத தட்டு. உங்க அண்ணன் தலையில கட்டிட்டாங்கடா.”

அவன் முகம் சுருங்கிப்போனது. சைக்கிளில் வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் அந்தத் தட்டு இருந்தது. கடைக்காரரிடம் நீட்டினான்.

“அண்ணே, நாலு ஞாயித்துக்கிழமை இது இங்க விக்கிற தட்டோட இருக்கட்டும். யாராவது வாங்கிட்டா எங்க அண்ணன் ஏமாறலன்னு அர்த்தம். வாங்கலன்னா இவன் சொல்றதுதான்.”

“வேணாம்பா, அண்ணன் பொருளு. நெஜமாவே வித்துட்டா இன்னா பண்ணுவ?”

“விக்கணும்னுதாங்க வெக்கிறேன்.”

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

மூன்று ஞாயிறு போயிற்று. அவன் வந்ததும் முதல் வேலையாகத் தட்டைத் துடைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பான். சிலர் எடுத்துப் பார்த்து, “இதுல இன்னா படப் பாட்டு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். மூன்றாவது ஞாயிறு அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செத்துப்போன ஒரு மனிதரை இந்தக் கடையில் உட்கார வைத்து நான் அசிங்கப்படுத்துவது போல இருந்தது. தாங்க முடியவில்லை.

அந்த வாரம் எங்கள் மாடியில் குடியிருந்தவரைக் கெஞ்சித் திண்டிவனத்துக்கு அனுப்பினேன். கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. என் பணத்தில் தட்டை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

நாலாவது ஞாயிறு கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். “ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. பாத்தாரு. வெலை கூடக் கொறைக்கல, எடுத்துக்கினு போயிட்டாரு.”

நண்பன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். “எங்க அண்ணன் மாதிரியே காது இன்னொருத்தருக்கு இருக்குதுடா,” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். ஒரு வாரத்தில் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. தட்டைக் கொடுத்தால் அவன் ஜெயித்ததையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். அடச்சே, என்ன மடத்தனம்!

அது எங்கள் வீட்டு பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. கடையை மூடினார்கள், கேசட்டும் போனது. இருவருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் அவன் ஒருமுறையாவது சொல்வான்: “அந்த ஆளு இந்நேரம் கேட்டுக்கினு இருப்பாரு.” நான் தலையாட்டுவேன்.

பிறகு பெரிய தட்டுகள் மறுபடி விற்கத் தொடங்கிவிட்டன என்று பேச்சு வந்தது. ஃபேஸ்புக்கில் ராக் ரசிகர்கள் குழு ஒன்று இருந்தது. அங்கேயும் அதே சண்டை: தட்டு விற்றால் பிரபலம் என்று அர்த்தமா, சும்மா சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்களா? என் நண்பன் அதில் திண்டிவனம் கதையை எழுதினான். கடைசியில், அந்தப் பெரிய மனிதரைத் தேடுகிறேன், அவரோடு உட்கார்ந்து ஒருமுறை கேட்க வேண்டும், அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளையாவது பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தான். பழைய கடைக்காரர் வீட்டுக்கும் இரண்டு தடவை அலைந்திருக்கிறான்.

இனிமேல் மறைத்தால் நான் மனிதனே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பையிலிருந்து எடுத்ததும் கத்தியேவிட்டான். “கண்டுபுடிச்சிட்டியா! ஆளு எங்கடா? கூட்டிக்கினு வரலியா?”

“நான்தான்டா,” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் தட்டை உறையிலிருந்து உருவி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். ஒரு புதுக் கீறல்கூட இல்லை.

“ஒரு தடவையாவது கேட்டியா?”

“எங்கூட்ல பிளேயர் இல்லடா.”

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இத்தினி வருஷமும் ஒருத்தர் கேட்டுக்கினு இருக்காருன்னு நெனச்சேன்டா,” என்றான். தட்டை உறையில் போட்டு என் மடியில் வைத்தான். “எனக்கு வேணாம். நீ வாங்குனது. எடுத்துக்கினு போய்க் கேளு.”

சென்னைக்குப் போய் ஒரு பிளேயர் வாங்கினேன். இரண்டு பக்கமும் கேட்டேன். மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும். அவன் போன் செய்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“எப்பிடி இருந்துது?”

இந்த ஒருமுறையாவது அவனிடம் பொய் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

“எனக்குப் புடிக்கலடா.”

“எங்க அண்ணனுக்குப் புடிச்சிது,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.