அண்ணி கேட்ட நேர்ச்சுவர்

கூடத்தின் நடுவில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் காபித் தம்ளர். இன்னொரு கை காற்றைத் தடவித் தடவி எதையோ தேடியது. அவர் குடிவந்து நான்கு மாதமான சொந்த வீடு அது. நான் படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த சத்தம் கேட்டதும் முகத்தை என் பக்கம் திருப்பினார். வந்தது நானா அண்ணனா என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் இப்போ எங்க இருக்கேன்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், மணி என்ன என்று கேட்பதுபோல. நான் போய்க் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பார்வை போனவர்களுக்கு இப்படியெல்லாம் ஆகும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டை வரைந்து கட்டியவள் நான். அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அண்ணி ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறவர். தோள்பட்டை இறங்கிப்போனவர்கள், முதுகு பிடித்துக்கொண்டவர்கள், பக்கவாதம் வந்து கை மடங்கிப்போனவர்கள் எல்லாரும் அவருடைய விரல்களுக்காகக் காத்திருப்பார்கள். முப்பது வயதுக்குமேல் அவருக்கு விழித்திரையில் ஒரு நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. முதலில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல இருந்ததாம், பிறகு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, கடைசியில் சாவித் துவாரம். மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் வீட்டில் யாரும் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அண்ணி வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பழகினார். வேலையை மட்டும் விடவே இல்லை. "என் வேலைக்குக் கண்ணு எதுக்கு? கை இருக்கு" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் லிங்கராஜபுரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று அண்ணன் முடிவு செய்தார். நான் கட்டடக் கலை படித்து, வெளிவட்டச் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடி அலுவலகங்களுக்குப் பல வருஷமாக வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாமே பெட்டிகள். காலையிலிருந்து மாலைவரை நேர்கோடு, செங்கோணம், மறுபடியும் நேர்கோடு. வேலை முடிந்து காக்ஸ் டவுனில் இறங்கி என் வாடகை வீட்டுக்கு நடக்கும்போது தெருவுக்குமேல் வளைந்து கைகோத்துக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரக்கிளைகளைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். பழைய பங்களாக்களின் வில் வளைவுகள், தேவாலயத்து ஜன்னல்கள், ஜாங்கிரி பிழிந்ததுபோலப் பேருந்துப் பலகைகளில் சுற்றிச் சுழலும் கன்னட எழுத்துகள், எல்லாவற்றையும் கண்ணால் தடவிக்கொண்டே போவேன். நேர்கோட்டைப் பார்த்தால் ஒரு நொடியில் பார்த்து முடித்துவிடலாம். வளைவு அப்படி விடாது, கூடவே அழைத்துக்கொண்டு போகும். எனக்கென்று ஒரு வீடு வரையக் கிடைத்தால் அதில் மூலையே இருக்காது என்று எப்போதோ தீர்மானித்திருந்தேன்.

அண்ணியின் கண் அதற்கு ஒரு நியாயத்தையும் கொடுத்துவிட்டது. மூலை இல்லாவிட்டால் இடித்துக்கொள்ள மாட்டார் அல்லவா? கீழே கார் நிறுத்தும் இடம், அதற்குமேல் வீடு. படுக்கையறை வாசலில் புறப்பட்டு, கூடத்தை அணைத்தபடி, சமையலறை வரைக்கும் ஓடும் ஒரே நீளமான வளைந்த சுவர். அண்ணிக்கு அப்போது சாவித் துவாரம் அளவுக்குப் பார்வை மிச்சம் இருந்தது. வரைபடத்தை முகத்துக்கு மிக அருகில் பிடித்து, அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு, "ஆறு மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடு முடிந்து போதகர் வந்து ஜெபம் பண்ணிய அன்று, வந்த அத்தனை பேரும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே கை அதன்மேல் போனது. சிறுபிள்ளைகள் கன்னத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "இது அண்ணிக்காகப் போட்டது."

குடிவந்த கொஞ்ச நாளிலேயே மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. அண்ணி வழி தவற ஆரம்பித்தார். மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரங்களில் யாரையும் பிடிக்காமல் நடந்தவர், தன் கூடத்தைக் கடக்க அண்ணனைக் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குக் கிளம்பும் நேரம். வண்டியை வெளியே எடுப்பதற்காக அண்ணன் கீழே போயிருந்தார், படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. அண்ணி சமையலறைக்குப் போவதாக நினைத்துக்கொண்டு நேராக அந்தக் கதவுக்குள் நடந்துவிட்டார். நான்கு படி உருண்டார். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. அவருக்குக் கண்ணாக இருந்ததே அந்தக் கைதான். அண்ணன் பயந்துபோய்விட்டார். வேலைக்குப் போனது போதும், வீட்டிலேயே இருக்கட்டும், பகல் முழுக்கக் கூடவே இருக்க ஒரு ஆளை வைத்துவிடலாம் என்றார். அண்ணி வாதாடவில்லை. எதற்கும் வாதாடுகிறவர் அவர்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மதியம் நான் போனபோது அவர் மட்டும்தான் இருந்தார். எனக்கு ஒரு மாதமாகக் கழுத்து வலி. சொன்னதும், "தரையில உட்காரு" என்றார். என் பின்னால் நாற்காலியில் அமர்ந்து, நல்லபடியாக இருந்த இடது கையின் விரல்களைப் பிடரியில் வைத்து, ஒவ்வொரு எலும்பாக இறங்கினார். வலிக்கிற இடத்தை நான் சொல்வதற்கு முன்பே விரல் அங்கே நின்றுவிட்டது.

"லேப்டாப்பையே குனிஞ்சு பாத்துப் பாத்து உன் கழுத்து நேரா ஆயிடுச்சு" என்றார்.

"நேரா இருந்தா நல்லதுதானே அண்ணி?"

"முதுகெலும்பு எங்கயுமே நேரா இருக்காதும்மா. கழுத்துல உள்ள வளையும், முதுகுல வெளிய வளையும், இடுப்புல திரும்ப உள்ள. அந்த வளைவுதான் தலை பாரத்தைத் தாங்குது. நேரா போச்சுன்னா வலிதான். நேரா இருக்கறது வீட்டுக்குத்தான் நல்லது."

விரல்கள் நின்றுவிட்டன. வாய் தவறி வந்துவிட்டது என்று அந்த நிறுத்தத்திலேயே தெரிந்தது. நான் திரும்பி உட்கார்ந்தேன். "வீட்டுக்கு நல்லதா? என்ன சொல்றீங்க?"

 அண்ணி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், படிக்கட்டுக் கதவைத் தேடிப் பிடித்துத் தாழ்ப்பாள் போட்டார். "உன் துப்பட்டாவைக் கண்ணுல கட்டிக்கோ. என் ரூம் வாசல்ல போய் நில்லு. அங்கேர்ந்து சமையலறைக்குப் போ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் எனக்குத் தெரியாத அங்குலம் கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு, இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்து நடந்தேன். சுவர் குளிர்ந்து, வழவழப்பாக, எந்த இடத்திலும் கையைத் தடுக்காமல் போய்க்கொண்டே இருந்தது. புத்தக அலமாரிக்காக விட்டு, இன்னும் காலியாகவே கிடந்த இடைவெளி வந்ததும் கை வெறும் காற்றில் விழுந்தது. பரவாயில்லை, சமையலறை நேர் எதிரே என்று ஆறேழு எட்டு வைத்தேன். கையில் பட்டது செருப்பு ஸ்டாண்டு. அது எப்படி இங்கே வந்தது என்று தடவினேன். அதற்குப் பக்கத்தில் கதவு, கதவில் தாழ்ப்பாள்.

"அங்கயே நில்லு" என்றது பின்னாலிருந்து அண்ணியின் குரல். "அந்தத் தாழ்ப்பாள் போடலன்னா அடுத்த அடி படி."

துப்பட்டாவை அவிழ்க்கவே கை வரவில்லை. நான் திரும்பியதாக என் உடம்புக்குத் தெரியவே இல்லை. நேராகத்தான் நடந்தேன் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். சுவர் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அடுப்பு இருந்த திசையிலிருந்து விலக்கி, படிக்கட்டுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டிருந்தது. நான் வரைந்த கோடு என்னவெல்லாம் செய்யும் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

"மூலைன்னா யாரோ ஒரு ஆள் நின்னு வழி சொல்ற மாதிரி" என்றார் அண்ணி. "இங்க திரும்பு, இப்போ ஜன்னல் உன் வலது பக்கம்னு சொல்லும். இடிச்சுக்கிட்டா கூட, எங்க இடிச்சேன்னு தெரியும். உன் சுவர் எப்போ திருப்புதுன்னே தெரியல. மெதுவா, பாசமா திருப்பிடுது."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"குடிவந்த அன்னைக்கு நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தியே, 'இது அண்ணிக்காக'ன்னு. உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்ல. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சுவரை எடுத்துவிட வேண்டும் என்றேன். நன்றாக இருக்கும் சுவரை யாராவது இடிப்பார்களா என்று கத்தினார். நான் துப்பட்டாவை அவர் கையில் கொடுத்து, மதியம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக் கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்போ ஆரம்பிக்கிற?" என்றார்.

அது பாரம் தாங்காத தடுப்புச் சுவர், இடிப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் எனக்குத்தான். முதல் சம்மட்டி அடி விழுந்தபோது நான் கீழே காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அண்ணி மேலேயே இருந்தார். புதுச் சுவருக்கு அவர்தான் இடம் சொன்னார். படுக்கையறையிலிருந்து சமையலறை வாசலுக்கு ஒரே நேர்கோடு, நடுவில் இடைவெளி கூடாது. புத்தக அலமாரி எதிர்ப்பக்கம். படிக்கட்டுப் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அங்கே ஒரு சரியான மூலை இருக்க வேண்டும்.

பூச்சு காய்ந்ததும் அண்ணி வந்து இடது உள்ளங்கையைச் சுவரில் பதித்து, ஒரு முனையிலிருந்து மெல்ல நடந்தார். பாதி தூரத்தில் நின்றார், இரண்டு எட்டு பின்னால் போய் மறுபடி வந்தார். "மேஸ்திரி, இந்த இடத்துல கொஞ்சம் வயிறு வச்சிருக்கு" என்றார். மேஸ்திரி கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வரும். என்னைப் பார்த்துச் சிரித்தார். கண் தெரியாத அம்மா ஏதோ சொல்கிறார் என்கிற சிரிப்பு. பிறகு நீளமான மட்டப்பலகையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். பலகை நடுவில் மட்டும் சுவரைத் தொட்டது. இரண்டு ஓரத்திலும் ஒரு நகக்கனம் இருக்குமோ இருக்காதோ, அவ்வளவு மெல்லிய வெளிச்சக் கீற்று. அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஹௌதல்லா!" என்றார், ஆமாம் அல்லவா என்று. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணியின் கையையே பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கை என் கழுத்தில் வளைவு தொலைந்துபோனதைக் கண்டுபிடித்தது, இன்று சுவரில் வளைவு வந்து சேர்ந்ததைக் கண்டுபிடிக்கிறது. நான் கல்லூரியில் ஐந்து வருஷமும் அலுவலகத்தில் அதற்குமேலும் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்த விஷயத்தின் முன்னால் அன்றைக்குத்தான் முதல்முறையாக மாணவியாக நின்றேன்.

மூலையெல்லாம் தயாரான பிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு வளைவு மட்டும் எனக்கு வேணும்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்து, வேண்டாம் அண்ணி என்றேன். "உனக்காகக் கேக்கலம்மா. படிக்கட்டுக் கைப்பிடி இருக்கே, அது முடியற இடத்துல கீழ்ப்பக்கமா வளைச்சு விடச் சொல்லு. கை கீழ இறங்குச்சுன்னா இதுதான் கடைசிப் படின்னு எனக்குப் புரிஞ்சுடும்." தச்சரை வைத்து அந்தச் சிறிய வளைவைச் செய்ய இரண்டு நாள் ஆனது. என் உள்ளங்கை அளவுகூட இல்லாத மரத்துண்டு. நான் இதுவரை போட்ட வளைவுகளெல்லாம் தங்களைப் பார்க்கச் சொன்னவை. இதை யாரும் பார்த்துப் பாராட்டியதில்லை. ஆனால் அதில் கை வைத்து இறங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர் கூச்செறிகிறது.

காக்ஸ் டவுன் மரக்கிளைகள் இன்றும் எனக்கு அழகுதான், வளைவுகளை இன்றும் வரைகிறேன். ஒரு கோட்டை முடிப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் அதன்கூட நடந்து பார்ப்பது மட்டும் புதிதாக வந்த பழக்கம். அலுவலகத்தில் நான் தூங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மாவுக்கட்டு பிரித்து, கை தேறி, அண்ணி திரும்ப வேலைக்குக் கிளம்பிய நாள் காலையில் நான் அங்கே இருந்தேன். குக்கர் விசில் அடித்தது. படுக்கையறையிலிருந்து அண்ணி வெளியே வந்தார். கை நீட்டவில்லை, சுவரைத் தொடவுமில்லை. விரல்நுனி அதை ஒட்டினாற்போல வர, புடவை சரசரக்க, கூடத்தின் குறுக்கே விறுவிறுவென்று நடந்தார். கிட்டத்தட்ட ஓட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேருந்தைப் பிடிக்க அவர் இப்படித்தான் போவாராம், அண்ணனால் கூடவே நடக்க முடியாதாம். அதெல்லாம் பிறகு அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நொடியில் அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு, சத்தமாகப் பல் தேய்த்தபடி வழியில் நின்றிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார் அண்ணி, வேகத்தைக் குறைக்காமல். அண்ணன் எதிர்ச்சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டார்.