மொட்டை மூஞ்சிக்கு ஓர் இன்ஜின்

அப்பா ஓட்டிய லாரியில் நான் உட்காரும் இடம் இன்ஜின் மூடிதான். அதன்மேல் மடித்துப் போட்ட சாக்கையும் மீறிச் சூடு ஏறும். டீசல் நெடியில் கண் எரியும். முன்னால் நீண்ட மூக்கு அந்த வண்டிக்குக் கிடையாது. இன்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும். அதனால் எங்கள் தெருவில் அதற்கு 'மொட்டை மூஞ்சி' என்று பெயர். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளுக்கு வெள்ளை மண் ஏற்றி வந்த வண்டி அது.

ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில் அதை அச்சு அசலாகப் பொம்மையாய்ச் செய்தே தீருவேன் என்று கிளம்பினேன். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போட எனக்குத் தெரியாது, இன்றும் அப்படித்தான். நூலும் கையுமாக வண்டியைச் சுற்றிச் சுற்றி அளந்தேன். வண்டியில் ஒரு முழம் என்றால் என் பொம்மையில் ஒரு விரற்கடை. பின்பக்கத் தொட்டிக்கு அட்டை, கேபினுக்கு மண். அம்மா ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில், அச்சில் வார்த்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சீவும் வேலையில் இருந்தாள். மண் அவள் கொண்டுவந்தது. கேபினைக் கம்பெனிச் சூளையில், மேஸ்திரிக்குத் தெரியாமல், பொம்மைகளுக்கு நடுவே வைத்துச் சுட்டுத் தருவதாகவும் ஒப்புக்கொண்டாள்.

"உள்ள பொள்ளலாவே இருக்கணும்டி. கட்டியா மண்ணு வச்சா சூளையில வெடிச்சிடும்" என்று பத்து முறையாவது சொல்லியிருப்பாள்.

கேபின் காய்ந்த அன்று அப்பா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்குது. இன்ஜின் எங்கம்மா? இன்ஜின் இல்லாத வண்டிய எவன் ஓட்டுவான்?" என்று சிரித்துவிட்டு லோடுக்குப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை அம்மா குளிக்கப் போன நேரத்தில், ஒரு பிடி ஈர மண்ணை இன்ஜினாக உருட்டி, கேபினின் அடிப்பக்கமாக உள்ளே திணித்துவிட்டேன். அம்மா அதைப் பார்க்காமலே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே ஓடிச் சொல்லியிருக்கலாம். தெருமுனை வரை ஓடவும் செய்தேன். இன்ஜினைத் தோண்டி எடுத்துவிடுவாளே என்று திரும்பி வந்துவிட்டேன்.

சூளை எரிந்து ஆற இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கும் கம்பெனி கேட்டுக்கும் நடையாய் நடந்தேன். அம்மாவிடம் சொல்ல வாயெடுப்பேன், அவள் "என்னாடி?" என்றதும் தண்ணீர் கேட்பேன்.

சூளையைத் திறந்தபோது நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கேபின் சுக்குநூறாக வெடித்திருந்தது. சில்லுகள் பக்கத்துப் பொம்மைகளின் மேல் பறந்து, உருகிய பளபளப்புப் பூச்சில் ஒட்டிக்கொண்டு, ஒரு தட்டுச் சரக்கே பாழ். "யாரு வச்சது இத?" என்று மேஸ்திரி கத்தினார். அம்மா ஒரு சில்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நான்தாங்க" என்றாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

அப்பாவிடம் "மண்ணு சரியில்ல, வெடிச்சிடுச்சு" என்றாள். அந்த வருடம் முழுக்க அவள் வெயிலில் களையெடுக்கப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்னை எனக்கு இன்னும் பிடிக்காது.

இப்போது அப்பா இல்லை. மொட்டை மூஞ்சியை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். போன மாதம் முதல், பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, அதே அளவில் அந்த வண்டியை மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். கதவு, கண்ணாடி, ஸ்டியரிங் எல்லாம் முடிந்து, நேற்று மத்தியானம் இன்ஜினை ஒட்ட உட்கார்ந்தேன். எதிரே அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உள்ள கட்டி மண்ணு வச்சது நான்தாம்மா."

அவள் நிமிரவில்லை. "தெரியும்டி. அந்த சில்லு எவ்ளோ தடிமனு! பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சு."

அவள் இன்னும் இரண்டு மொச்சையை உரித்துப் போட்டாள்.

"அடியில ஈர்க்குச்சியால நாலு ஓட்ட போட்டு, ஒரு வாரம் காய வுட்டிருந்தா வெடிக்காம நின்னிருக்கும். என்னைக் கேட்டிருந்தா நானே வச்சுக் குடுத்திருப்பேனே."