கசப்புத்தண்ணிக் குலத்துச் சாட்சி

வெர்னீட்டா எட்சிட்டி வக்கீல் பட்டம் வாங்கியவள் அல்ல. தனித் தேர்வு எழுதி, அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்கள் சின்லே ஊரில் தாங்களே நடத்தும் நீதிமன்றத்தில் பல வருஷமாக வாதாடி வருகிறவள். ஆனால் நவஹோ நிலத்தின் எல்லையைத் தாண்டி மாநில நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் அவள் சொல் அம்பலம் ஏறாது. அந்த எரிச்சலில்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் பல்கலைக்கழகத்தின் பழங்குடிச் சட்டச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தாள். வீட்டில் இணையம் நொண்டும். மளிகைக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பாள்.

கடைசித் தேர்வுக்கு முன்னால், நவஹோ அரசின் இளம் வக்கீல் கால்வின் நெஸ் கூப்பிட்டான்.

"அக்கா, நாளைக்கு பீனிக்ஸ் நகரத்துல, மாநிலக் கோர்ட்ல குழந்தை வழக்கு. நம்ம வழக்கம் என்னன்னு சாட்சி சொல்ல வேண்டியவர் ஆஸ்பத்திரில படுத்துட்டார். நீங்க வரணும்."

"நான் இன்னும் படிச்சே முடிக்கலடா. கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

"தெரியும். வேற ஆள் இல்ல."

குழந்தையின் பெயர் ஷாண்டீன். தாய் நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டாள். தகப்பன் யாரென்று தெரியாது. கைக்குழந்தையிலிருந்தே பீனிக்ஸில் பழங்குடி அல்லாத ஹோல்ட் தம்பதி வளர்க்கிறார்கள். இப்போது தத்தெடுக்கக் கேட்கிறார்கள். எல்வுட் என்கிற வெல்டர், தான் தாய்மாமன், பிள்ளையைத் தன்னிடம் தர வேண்டும் என்று நிற்கிறான். அவன் அந்தத் தாய்க்குப் பெரியம்மா மகன். 'ஒன்றுவிட்ட உறவெல்லாம் மாமன் ஆகாது' என்பது எதிர்த்தரப்பு வாதம்.

விசாரணைக்கு முன்னால் நீதிமன்ற நடையில் எல்வுட் கைகொடுத்து, வழக்கம்போல் தாயின் குலத்தைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். கசப்புத்தண்ணிக் குலம். வெர்னீட்டாவும் தன் குலத்தைச் சொன்னாள். அதுவும் கசப்புத்தண்ணிதான். ஒரே குலத்தார் உடன்பிறப்பு முறை. அப்படியானால் இவன் தம்பி. செத்துப்போனவள் தங்கை. அந்தப் பிள்ளைக்கு இவள் பெரியம்மா.

"அட, அக்காவா நீ!" என்று எல்வுட் சிரித்தான். "அதான் மூஞ்சியில நம்ம குலத்துக் கடுகடுப்பு."

கால்வின் அவளை ஓரமாக இழுத்தான். "இதைக் கேட்டா மட்டும் சொல்லுங்க. நீங்களா வாயத் திறக்காதீங்க. சொந்தம்னு தெரிஞ்சா சாட்சிய ஒதுக்கப் பாப்பாங்க."

கேட்டார்கள். வழக்கத்தைப் பற்றி அவள் தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டு போனாள்: அம்மாவின் அக்காவும் அம்மா, அந்த அம்மாவின் மகன் அண்ணன், ஆகவே எல்வுட் மாமன், சொந்தம் யார் என்பதை அந்தந்தப் பழங்குடியின் வழக்கப்படி பார்க்கச் சொல்லி நாட்டின் சட்டமே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் காஸ் எழுந்தார்.

"உங்க வழக்கப்படி இந்தக் குழந்தைக்கு நீங்க ஏதாவது உறவா?"

கால்வின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா முறை."

"பெரியம்மாவும் அம்மான்னு இப்பத்தான் சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப அம்மா எங்க போயிருந்தீங்க? குழந்தை மூச்சுத்திணறி ஆஸ்பத்திரில கிடந்தப்ப பக்கத்துல உக்காந்திருந்தது யாரு?"

தெரியாது என்று சொல்லலாம். இன்று காலைவரை அவளுக்கு எதுவுமே தெரியாதுதான். பின்வரிசையில், குழந்தையை வளர்க்கிற மார்லீஸ் ஹோல்ட் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது.

"அந்தம்மாதான்" என்று மார்லீஸைக் காட்டினாள். "நான் வரல. எங்க குலத்துல ஒருத்தரும் வரல. அது எங்க தப்பு. அதுக்காக எல்வுட் மாமன் இல்லன்னு ஆயிடாது."

காஸ் நீதிபதியிடம் திரும்பி, சொந்தக்காரியின் சாட்சியைத் தள்ள வேண்டும் என்றார். நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இந்த உறவுமுறையைச் சொல்ல அவங்க குலத்துல உறவில்லாத ஆள் கிடைப்பாங்களா?"

"எங்க குலத்துல கிடைக்காதுங்க. வேற குலத்தாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க" என்றாள் வெர்னீட்டா.

தீர்ப்புக்காக மத்தியானம் முழுக்கக் காத்திருந்தார்கள். வாயை அடக்கியிருக்கலாமோ என்று அவள் மனம் அறுத்துக்கொண்டே இருந்தது.

அவள் சாட்சியை ஏற்று, எல்வுட் மாமன்தான் என்று தீர்ப்பானது. பிள்ளை அவன் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. மார்லீஸ் சத்தம் போட்டு அழவில்லை. நடையில் வெர்னீட்டாவின் முன்னால் வந்து நின்று, பையிலிருந்து மூச்சு மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

"குளுர் காலத்துல விடவே கூடாது. அவ அழுவா. அழுதாலும் குடுக்கணும்."

"நீங்களே வந்து எல்வுட் சம்சாரத்துக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள் வெர்னீட்டா.

மார்லீஸ் வந்தாள். முதல் தடவை வாசலிலேயே தயங்கி நின்றவளைப் பார்த்து எல்வுட், "எங்க வீட்ல சும்மா நிக்கிறவங்களுக்கு ஆட்டுக்கறி கிடையாது, வந்து ரொட்டி மாவைப் பிசைம்மா" என்றான். அவள் தட்டிய ரொட்டி கல்லாக இருந்தது. எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், பிறகு அவளும்.

வெர்னீட்டா தேர்வில் தேறினாள், சுமாரான மதிப்பெண்ணில். சனிக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போகிறாள். ஷாண்டீன் இன்னும் அவளிடம் ஒட்டவில்லை. தூக்கினால் நெளிந்து இறங்கி ஓடிவிடுகிறாள்.