சந்தியாகப்பரைக் குதிரையில உட்கார வச்ச கதை

கல்லுல வேலை செய்யுறவங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சாமி வாய் திறக்காது, ஆனா பாக்க வாறவங்க யாரும் சும்மா போறதில்ல. நாப்பது வயசுக்கு மேல எதையாவது புதுசா படிக்கப்போறேன்னு கெளம்பி, இடுப்பும் உளுக்கி, வீட்டுலயும் ஏச்சு வாங்கி, தைலக் குப்பியும் கையுமா இருக்கிற என்னைப்போல ஆட்கள் எங்கயாவது இருந்தா, இது உங்களுக்குத்தான் எழுதுறேன்.

மொத அலை

மயிலாடியில எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சிற்பப் பட்டறை. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நானும் அதுலதான் கெடக்கேன். நகை கொத்துறது, துணி மடிப்பு இழைக்கிறது, கடைசியில பாலிஷ் போடுறது எல்லாம் இந்தச் செல்விக்கு, அதான் எனக்கு. முழு உருவம் மட்டும் என் கைக்கு வந்ததே இல்ல. அந்த வருசம் கேரளத்துக் கோயில் வேலையில அவரு கழுத்து வரைக்கும் மாட்டியிருந்த நேரம் பாத்து, கடியப்பட்டணம் பக்கத்துலேருந்து சூசை அண்ணன் வந்தாரு. சொந்தமா வள்ளம் வச்சுக் கடலுக்குப் போறவரு. கடக்கரையில குருசடின்னு ஒரு சின்னச் சிலுவைக் கோயில் கெட்டுதாராம், அதுல குதிரையில வாற புனிதர் சந்தியாகப்பர் மூணடி உயரத்துல வேணுமாம், வேண்டிக்கிட்ட நேர்ச்சையாம். எங்க வீட்டுக்காரரு என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, களிமண்ணுல ஒரு மாதிரி செஞ்சு காட்டு. அண்ணனுக்குப் பிடிச்சா கல்லுலயும் நீயே செய்யி. பிடிக்கலேன்னா நான் பாத்துக்கிடுதேன், நீ பாலிஷ் போடு"ன்னு சொல்லிட்டாரு. இருபது வருசமா நான் காத்திருந்த வார்த்தை அது.

பன்னெண்டு நாள் பாடுபட்டு மாதிரி செஞ்சேன். குதிரை பாயுது, சந்தியாகப்பர் வாளைத் தூக்கிக்கிட்டு முதுகு நட்டமா, நெஞ்சு நிமிர்ந்து இருக்காரு. எல்லா சாமியையும் நாங்க அப்படித்தான் இருத்துவோம். சூசை அண்ணன் வந்து முன்னால நின்னு ஒரு பார்வை பாத்துட்டு நேரா பின்னால போனாரு. சிலைக்குப் பின்பக்கம் போய்ப் பாத்த மொத ஆளு அவருதான். அங்கன நின்னு கால் முட்டை லேசா மடக்கி, இடுப்பை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாத்தாரு. பிறகு என்னைப் பாத்துச் சங்கடத்தோட சொன்னாரு:

"மக்களே, மொகம் நல்லா இருக்கு. ஆனா இவர வள்ளத்துல ஏத்தினா மொத அலைக்கே தண்ணியில கெடப்பாரு."

எட்டு பேரும் ஒரு குதிரையும்

எனக்கு மொதல்ல கோவந்தான் வந்துச்சு. குதிரைக்கும் வள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த மனுசன் ஆயுசுல குதிரை வாலைக் கூடத் தொட்டிருக்க மாட்டாரு. ஆனா அன்னைக்கு ராத்திரி சோறு வடிக்கும்போது ஒரு எண்ணம் வந்துச்சு, நான் மட்டும் தொட்டிருக்கேனா?

மறுநாள் பட்டறையில எல்லார்கிட்டயும் கேட்டேன். எட்டு பேரு வேலை செய்யுதாங்க. சாஸ்தாவுக்குக் குதிரை, கருப்பசாமிக்குக் குதிரைன்னு வரிசையாக் கொத்தித் தள்ளினவங்க. ஒருத்தன்கூட உசிரோட இருக்கிற குதிரை மேல ஏறினதில்ல. நான் போய் ஏறிப் பாக்கப்போறேன்னு சொன்னதும் உளிச் சத்தம் மொத்தமா நின்னுபோச்சு. சூசை அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அடுத்த திருவிழாக் கொடியேத்துக்குப் பத்து மாசம் கெடக்கு, அதுக்குள்ள தந்தாப் போதும்னாரு. எங்க வீட்டுக்காரருதான் ஒத்துக்கிடல்ல. வாசல்ல நிக்கிற பழைய குதிரைச் சிலையைக் கை காட்டினாரு:

"எங்க அப்பா செஞ்சது. அறுவது வருசமா மேல இருக்கிறவரு விழல்லியே."

டேப்பும் நோட்டும்

ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல ஷாகுல்னு ஒருத்தர் குதிரை ஏத்தம் சொல்லிக் குடுக்காருன்னு கேள்விப்பட்டேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரரு. வளைகுடாவுல ஒரு லாயத்துல பன்னெண்டு வருசம் குதிரை பழக்கிட்டு, ஊருக்குத் திரும்பி மூணு குதிரை வாங்கி விட்டிருக்காரு. என்னைவிடப் பத்து வயசு எளையவரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். தோள்பையில வரையுற நோட்டும், அளவெடுக்கிற டேப்பும்.

மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருந்தேன். யாராவது குதிரையில இருக்கும்போது தோள்லேருந்து இடுப்பு, இடுப்புலேருந்து முட்டு, முட்டுலேருந்து குதிங்கால்னு அளவெடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள வீடு சேர்ந்துரணும்னு. நான் டேப்பை விரிச்சதும் ஷாகுல் கையைக் கெட்டிக்கிட்டு ஒரு நிமிசம் என்னைப் பாத்தாரு. பிறகு டேப்பைச் சுருட்டி என் பையிலயே போட்டுட்டாரு:

"அளவு பிறகு எடுக்கலாம் அக்கா, மொதல்ல ஏறுங்க. குதிரை உங்கள அளவெடுக்கட்டும்."

நாற்காலி

ஏறுறது ஒரு தனிக் கூத்து. இருபது வருசமா சேலை கெட்டின காலு, அன்னைக்குத்தான் சுடிதாருக்குள்ள போச்சு. ஒரு ஸ்டூல் மேல ஏறி, அதுலேருந்து ஒரு காலைச் சேணத்துல தொங்குற வளையத்துல வச்சு, மத்த காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடணும். மூணு தடவ பாதியில இறங்கிட்டேன். நாலாவது தடவ ஷாகுல் தள்ளின தள்ளுல மேல போய் விழுந்தேன். ஜோதின்னு பேரு அந்தக் குதிரைக்கு, தவிட்டு நெறம், வயசான பொண்ணு. அது ஒரு பெருமூச்சு விட்டுச்சு.

பயத்துல நட்டமா நிமிர்ந்து இருந்தேன். முதுகு வளையல்ல, கழுத்து திரும்பல்ல. ஜோதி நடந்த ஒவ்வொரு அடிக்கும் என் பல்லு ஒண்ணோட ஒண்ணு மோதிச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு, ஏன்னா நான் இருந்த அதே இருப்புலதான் சந்தியாகப்பரையும் களிமண்ணுல இருத்தியிருந்தேன். மூணு சுத்து முடிஞ்சதும் ஷாகுல் கயித்தைப் பிடிச்சு நிறுத்தினாரு:

"அக்கா, நீங்க குதிரையில இருக்கல்ல, நாற்காலியில இருக்கீங்க. அடியில குதிரை தனியா நடந்து போகுது."

போட்டோ

வாரா வாரம் போனேன். நாலாவது மாசம் மெள்ள ஓட விடுற அளவுக்கு வந்துட்டேன். எனக்கே என்னைப் பாத்து ஒரு மதிப்பு வந்துச்சு. ஆனா ஜோதியோட பழைய கதையை எனக்கு யாரும் சொல்லல்ல. ஷாகுல் வாங்குறதுக்கு முன்ன அது கன்னியாகுமரி கடக்கரையில சுற்றுலா வாறவங்களை ஏத்திக்கிட்டு நடந்த குதிரை. அங்கன போட்டோ எடுக்க யாராவது கேமராவைத் தூக்கினா அசையாம நிக்கணும்னு அதைப் பழக்கி வச்சிருக்காங்க. நான் ஏத்தம் படிச்சதோ, எல்லாரும் டச் போனும் கையுமா அலைய ஆரம்பிச்ச காலம்.

அன்னைக்கு ஜோதி நல்ல ஓட்டத்துல போயிக்கிட்டு இருந்துச்சு. தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் பைக்குல போன ஒருத்தன், நடுத்தர வயசுப் பொம்பளை ஒருத்தி குதிரையில போறதைப் பாத்து வண்டியை நிறுத்திப் போனைத் தூக்கினான். ஜோதி நின்னுட்டு. நான் நிக்கல்ல. கழுத்து வழியா முன்னால போயி, தேங்கா உரிச்சுப் போட்ட கதம்பைக் குவியல் மேல விழுந்தேன். கதம்பை இல்லாட்டி இதை எழுத ஆள் இருந்திருக்காது. ஷாகுல் ஓடி வாறதுக்கு முன்ன வேலிக்கு மேல அவன் தலை தெரிஞ்சுச்சு:

"அக்கா, படம் ஆடிப்போச்சு. இன்னொரு மட்டம் அதேபோல வாறீங்களா?"

காவிக்கோடு

நடுவு பிடிச்சுக்கிட்டு, இடுப்பை அசைக்கவே வழியில்ல. பத்து நாள் சுத்தியலைத் தூக்க முடியல்ல. குளிக்கவும் தும்மவும் பயம். பதினோராவது நாள் பட்டறைக்குப் போனா, மூலையில ஒரு புதுக் கல்லு நிக்குது. அதுல செங்காவியால குதிரையும் வாளும் கோடு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு கையில காவி அப்பிடியே இருக்கு. எனக்குக் கண்ணு நெறஞ்சுட்டு. என் கைக்கு வந்த ஒரே உருவமும் போச்சே.

அவரும் பொல்லாதவரு இல்ல. "ஆறு மாசம் ஆகப்போகுது, குதிரையும் வரல்ல, சாமியும் வரல்ல. நேர்ச்சை சொன்ன மனுசனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"னு கேட்டாரு. நியாயந்தான். எனக்கு இன்னும் ஒரு மாசம் தாங்கன்னு கேட்டேன். நான் ஈரத்துணியை எடுத்துக் கல்லுக்கிட்ட போனேன். வாள் நுனியிலேருந்து துடைக்க ஆரம்பிச்சேன். பாத்துக்கிட்டே இருந்தவரு கடைசியில சொன்னாரு:

"அழி. ஆனா அடுத்து நீ போடுற கோட்டை நான் அழிக்கவும் மாட்டேன், திருத்தவும் மாட்டேன். நல்லாருந்தாலும் கெட்டாலும் உனக்குத்தான்."

வளையம் இல்லாம

திரும்பப் போனப்போ ஷாகுல் கால் வைக்கிற ரெண்டு வளையத்தையும் கழட்டி எடுத்துட்டாரு. கண்ணையும் மூடச் சொன்னாரு. பிடிக்க ஒண்ணும் இல்ல, மிதிக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு ஞாயிறு நான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்ததுதான் மிச்சம். மூணாவது ஞாயிறு, கண்ணை மூடியிருக்கும்போது சூசை அண்ணன் சிலைக்குப் பின்னால நின்ன நெலை ஞாபகத்துக்கு வந்துச்சு. முட்டு லேசா மடங்கி, இடுப்பு அப்படியும் இப்படியும். அலையை எதுத்து அவரு நிக்கல்ல, அதுகூடப் போயிக்கிட்டு நின்னாரு. நானும் இடுப்பை விட்டேன். ஜோதி முதுகு ஏறும்போது நானும் ஏறினேன், அது இறங்கும்போது இறங்கினேன். பல்லு மோதல்ல.

அதுக்கடுத்த வாரம் வளையத்தைத் திரும்ப மாட்டி ஓட விட்டாரு. நான் பாக்காத நேரம் பாத்து அவரே போனைத் தூக்கிட்டாரு. ஜோதி பொசுக்குன்னு நின்னுச்சு. எனக்கு நெனைக்கக்கூட நேரம் இல்ல. குதிங்கால் கீழ போச்சு, இடுப்பு அமுங்குச்சு, நான் சேணத்து மேலயே இருந்தேன். ஜோதி காதை மட்டும் பின்னால திருப்பிச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. ஷாகுல் போன்ல அந்தப் படத்தைக் காட்டினாரு. தோளுக்கு நேர இடுப்பு, இடுப்புக்கு நேர குதிங்கால், முதுகு நட்டமாவும் இல்ல, வளையவும் இல்ல. படத்தைப் பாத்து முடிக்கல்ல, அவரு என் தோள்பையைக் கொண்டுவந்து நீட்டினாரு:

"அக்கா, இப்ப டேப்பை எடுங்க."

நடுவுப் பிடிப்பு

புதுசா மாதிரி செய்ய நேரம் இல்ல. நேராக் கல்லுலயே காவிக்கோடு போட்டேன், மூணு மாசம் கொத்தினேன். பாயுற குதிரையை விட்டுட்டு, ஓடி வந்து சட்டுனு நின்ன குதிரையா மாத்திட்டேன். முன்னங்கால் ஒண்ணு இன்னும் தரையில பதியல்ல. சந்தியாகப்பர் வாளை இறக்கிப் பிடிச்சிருக்காரு, குதிங்கால் அமுங்கி, இடுப்பு அந்த நிப்பை வாங்கியிருக்கு. எங்க பட்டறையில இடுப்பு அசைஞ்ச மாதிரி ஒரு சாமி அதுவரைக்கும் செஞ்சதில்ல.

எங்க வீட்டுக்காரரு தெனமும் சாயங்காலம் ஒரு சுத்து வந்து பாப்பாரு, பேசமாட்டாரு, சொன்ன வாக்கைக் காப்பாத்தினாரு. முதுகுப் பக்கம் நான் பத்து நாள் இழைச்சப்ப மட்டும், அங்க யாரு பாக்கப் போறாங்கன்னு கேட்டாரு. பாக்க ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேன். பட்டறை ஆளுங்க எட்டு பேரும் பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டு ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்க. அவங்கள்ல மூத்தவரு தாணு அண்ணாச்சி. அவரு தலையைச் சாய்ச்சு வச்சு நெடுநேரம் பாத்தாரு:

"ஏம்மா, இவருக்கும் உன்னை மாதிரி நடுவு பிடிச்சிருக்கா?"

பின்பக்கம்

கொடியேத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது சூசை அண்ணன் வந்தாரு. முன்னால நிக்கவே இல்ல, நேராப் பின்னால போனாரு. எட்டு உளியும் நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரரு வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு, துடைக்க ஒண்ணும் இல்ல. இந்த மனுசன் வேண்டாம்னு தலையாட்டினா, திரும்பவும் பாலிஷ் கல்லுதான் எனக்கு.

அண்ணன் செருப்பைக் கழட்டிப் போட்டாரு. கால் முட்டு மடக்கினாரு, இடுப்பை ஆட்டினாரு, சிலையைப் பாத்தாரு, திரும்ப ஆட்டினாரு. ஒரு கையை மெள்ள நீட்டிச் சந்தியாகப்பர் முதுகுல, நான் பத்து நாள் இழைச்ச அதே எடத்துல வச்சாரு. கையை எடுக்காமலே எங்க வீட்டுக்காரரைப் பாத்து, "ஆசாரியே, இது உங்க வேலையா?"ன்னு கேட்டாரு. "இல்ல. கோடும் அவதான், உளியும் அவதான்"னாரு இவரு. சூசை அண்ணன் என் பக்கம் திரும்பினாரு:

"இவர நாளைக்கே வள்ளத்துல ஏத்தலாம், மக்களே."

கொடியேத்து அன்னைக்குக் கடக்கரையே போனைத் தூக்கிப் படம் எடுத்தும் சந்தியாகப்பர் அசையல்ல, ஆனா நான் இப்பவும் ஞாயித்துக்கிழமை தோறும் ஜோதி மேலதான் இருக்கேன், அதனால ஈத்தாமொழிப் பக்கம் வாறவங்க தயவுசெஞ்சு போனைப் பையிலயே வச்சுக்கிடுங்க.