சும்மா இருந்த ரெண்டு பின்னு

திருப்பூர்ல நிட்டிங் மெஷின் போர்டு எதுன்னாலும் மோந்து பாத்தே ஃபால்ட் சொல்லிருவேனுங்க. பொய்ங்க. கருகிருந்தா மட்டுந்தான் சொல்லுவேன், அது ரோட்டுல போறவனுக்கே தெரியும். நாலாவதோட பள்ளிக்கூடத்தை உட்டவன். ஸ்க்ரூ டிரைவரையும் தைரியத்தையும் வெச்சுப் பொழைக்கறேன்.

மங்கலம் ரோட்டுல ஒரு நிட்டிங் யூனிட்ல மெயின்டனன்ஸ் வேலை எனக்கு. நூல் அறுந்தா மெஷினை நிறுத்தறதுக்குன்னு ஒரு போர்டு இருக்குதுங்க. மூணாம் நம்பர் மெஷின்ல அது நூல் அறாமயே நிறுத்துச்சு, துணியில கோடு விழுந்துச்சு. அதும் ஆபரேட்டர் பாண்டி ஷிப்டுல மட்டும். பாண்டி தேனிக்காரன், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான். ஒரு வாரம் பாத்துட்டு ஓனர், அவனுக்குக் கைராசி இல்லை, நாளையில இருந்து லோடு ஏத்தப் போகட்டும்னுட்டாரு. நானும் பெரிய இன்ஜினியராட்டத் தலைய ஆட்டுனேன்.

அன்னிக்குப் போர்டு பாக்க வந்தவங்க ஜெயந்தி. திருநெல்வேலிப் பக்கம், இங்க ரிப்பேர் கடை வெச்சிருக்கறாங்க. மீட்டரைக்கூட எடுக்கலைங்க. பாண்டி ஷிப்டுல என்னென்ன செய்வான்னுதான் கேட்டாங்க. மணிக்கொருக்கா போர்டு பெட்டிய பஞ்சு போகத் தொடைப்பானாமா. மத்தவனுக ஒருத்தனும் தொடைக்க மாட்டானுக. பெட்டியத் தொறந்து, ஐசிங்கற கறுப்புச் சில்லு பக்கம் பாண்டிய விரலை நீட்டச் சொன்னாங்க. நீட்டுனான், மெஷின் நின்னுச்சு. அப்பறம் அவங்களே விரலை நீட்டுனாங்க. மறுக்கா நின்னுச்சு.

"பாத்தீங்களா அண்ணாச்சி, என் கைராசியும் இப்படித்தான் இருக்கு"ன்னாங்க ஓனருகிட்ட.

அப்பறம் அவங்க வெளக்குனது இதுதானுங்க: ஐசிக்குள்ள நூல் சேதி போற எட்டு இன்புட் பின்னுல ஆறுக்குத்தான் வயரு. மீதி ரெண்டும் அந்தரத்துல தொங்குது. அஞ்சு வோல்ட் இருந்தா ஒண்ணு, இல்லைன்னா ஜீரோ; தொங்கற பின்னுக்கு எதுன்னு அதுக்கே தெரியாது, கிட்டத்துல கை வந்தாலும் சரி, துணி தேச்ச கரண்டு வந்தாலும் சரி, அந்தப் பேச்சைக் கேட்டுக்கும். ஜீரோன்னு நெனச்சா நூல் அறுந்துருச்சுன்னு மெஷினை நிறுத்திரும். அதனால பின்னுக்கு ஒண்ணுன்னு பத்து கே ரெசிஸ்டர் போட்டு அஞ்சு வோல்ட்டோட கட்டி வெக்கோணும். அதுதான் புல்-அப்.

"இங்க ரெண்டு புல்-அப் இருந்த தடம் தெரியுது. யாரு எடுத்தது?"ன்னு கேட்டாங்க.

"பாண்டிதான் தொடைக்கறப்பப் பேத்திருப்பான்"னாரு ஓனர்.

பாண்டி தொடைக்கற துணிய மடிச்சு ஓரமா வெச்சான்.

"நாந்தானுங்க எடுத்தேன்"னேன். வயரே இல்லாத பின்னுக்கு எதுக்கு ரெசிஸ்டரு, சும்மாதான இருக்குதுன்னு கழட்டி, என்ற வண்டியில ஒரு எல்இடிக்குப் போட்டுட்டேன். அது மினுக்குன்னுகூட எரியலைங்க.

ஜெயந்தி என்னைத் திட்டலை. ரெண்டு ரெசிஸ்டரை அஞ்சு நிமிசத்துல சால்டர் வெச்சாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாக்கறாப்புல மெஷினைப் பாக்கற ஆளுங்க அவங்க. பாண்டி பெட்டிய நல்லா அழுத்தித் தொடைச்சான். மெஷின் நிக்கலை.

"நீயே ஓட்டு கண்ணு"ன்னு பாண்டிகிட்ட ஓனர் சொன்னாரு.

தம்பிகளா, இன்புட் பின்னுல சும்மா இருக்கற பின்னுன்னு ஒண்ணு கெடையாதுங்க. மேலயோ கீழயோ கட்டிப் போடுங்க. அன்னிக்கு அதுக்கப்பறம் ஓனர் மெதுவா என்ற பக்கம் திரும்பி, "ஏப்பா, நீயி"ன்னு...

இருங்க, இப்ப பாண்டி கூப்படறான். "அண்ணே, மூணாம் நம்பர் போர்டு பெட்டியத் தொறந்து போட்டது யாரு?"ங்கறான். வந்துட்டேன் சாமி.