சொல்லாத ஸ்கூல்

பல்லக்கான்னா இந்தப் பக்கத்துல பிள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும். அவ நிஜப் பேரு அவளைப் பெத்தவளுக்கும் சம்பளம் போடுறவங்களுக்கும்தான் தெரியும். பல் ஆராய்ச்சி வண்டிக்கு அப்ப நான் டிரைவர். என் பக்கத்து சீட்டுல அவ உட்கார்ந்திருப்பா, மடியில தண்ணிக்குடம் சைஸுக்கு ஒரு பிளாஸ்டிக் வாய். கையில துடைப்பம் நீளத்துக்கு ஒரு பிரஷ். சிக்னல்ல நின்னா பஸ்ல இருக்கிறவன் எல்லாம் அந்த வாயையே எட்டிப் பார்ப்பான். "என்னய்யா பார்க்குறே, உன் வாய் இதைவிட மோசமா இருக்கும்"னு நான் கத்துவேன். அவ வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பா.

எப்பச் சிரிச்சாலும் கை வாய்க்குப் போயிடும். வெள்ளை வெளேர்னு வரிசைப் பல்லை வச்சுக்கிட்டு இவ எதுக்குப் பொத்துறான்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. ஒரு நாள் வேகத்தடையைக் கவனிக்காம ஏத்திட்டேன். வண்டி தூக்கிப் போட்டதுல மேல் வரிசை மொத்தமும் கழண்டு கியர்கிட்ட வந்து விழுந்துச்சு. நான் பிரேக்கைப் போட்டு "ஐயையோ"ன்னு அலறிட்டேன். அவ நிதானமா குனிஞ்சு எடுத்து, பாட்டில் தண்ணியில அலசி மாட்டிக்கிட்டு, "பல்லு என்னுது, நீங்க ஏன் அண்ணே கத்துறீங்க?"ன்னா.

அன்னைக்குத்தான் கதையைச் சொன்னா. அவ அம்மாவுக்கு மிட்டாய்க் கம்பெனியில வேலை. உடைஞ்ச மிட்டாயை வேலை செய்றவங்க அள்ளிக்கிட்டுப் போகலாம். அடுப்பு எரியாத நாள்ல பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு. வாயில அதக்கிக்கிட்டே தூங்கிடுமாம். பல்லு விளக்கணும்னு சொல்ல ஒரு நாதி இல்ல. பத்தொன்பது வயசுல மேல் பல்லு அத்தனையும் பிடுங்கி, செட்டு மாட்டியாச்சு. கல்யாணம் பேச வந்தவங்க விஷயம் தெரிஞ்சதும் வந்த வழியே போயிட்டாங்க. அந்தம்மா இன்னும் இருக்கு. நான் அவங்க வீட்டுக்குப் போனா, "பசிக்குக் குடுத்தேன்னு நினைச்சேன் தம்பி, என் மக பல்லை நானே தின்னுட்டேன்"னு புலம்பும். "விடும்மா, பசி தீர்ந்துச்சுல்ல"ன்னுட்டு இவ துணி மடிப்பா.

எங்க டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனா வேலையில கெட்டி. ஆராய்ச்சியை அவங்க எங்களுக்கு விளக்கினது இப்படி. ஒரே மாதிரி ரெண்டு ஸ்கூல். ஒண்ணுல பல்லக்கா வாராவாரம் போய்ச் சொல்லிக் கொடுக்கணும். இன்னொண்ணுல பல்லைப் பார்த்துக் குறிச்சுக்கணும், அவ்வளவுதான். வலிக்கிற பல்லுக்கு ரெண்டு இடத்துலயும் வைத்தியம் உண்டு. மூணு வருஷம் கழிச்சு, சொல்லிக் கொடுத்த இடத்துல சொத்தை குறைஞ்சிருந்தா, எல்லா ஸ்கூலுக்கும் ஒரு பல்லக்காவைப் போடுவாங்க. வண்டியில நாங்க அதுக்கு வச்ச பேரு சொல்ற ஸ்கூல், சொல்லாத ஸ்கூல்.

"சொல்லாத ஸ்கூல்ல நீங்க வாயே திறக்கக் கூடாது பல்லக்கா"ன்னாங்க டாக்டரம்மா.

எனக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. "பள்ளம் இருக்குன்னு ஒருத்தன்கிட்ட சொல்லுவீங்க, இன்னொருத்தன் விழுறானான்னு வேடிக்கை பார்ப்பீங்க. நல்ல நியாயம்மா!"

"நிரூபிச்சாத்தான் அண்ணே பணம் குடுப்பாங்க. முடிஞ்ச மறுநாளே முதல் வேலையா அங்கதான் போவோம்"னாங்க.

பல்லக்கா என்னை முறைச்சா. "நீங்க சும்மா இருங்க அண்ணே. எல்லா ஸ்கூலுக்கும் வரும்கிறாங்கல்ல?" அவளுக்கு அது ஒண்ணுதான். எல்லா ஸ்கூலுக்கும் வரணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா.

சொல்ற ஸ்கூல்ல அவளைப் பார்க்கணுமே! பிளாஸ்டிக் வாயைத் தூக்கி மேசையில வச்சா நூறு பிள்ளைங்க கப்சிப். "மிட்டாய் வேணுமா, சாப்பாட்டோட தின்னு முடிச்சிடு. நாள் பூரா சப்பிக்கிட்டு இருந்தா உன் பல்லு நாள் பூரா அடி வாங்குது. படுக்கப் போறப்ப விளக்கிட்டா அப்புறம் தண்ணிதான்." காய்கறி, பால், முட்டை எல்லாம் படம் போட்ட அட்டை. நான் ஜன்னல் வழியா கேட்டே என் டீயில சர்க்கரையைப் பாதியாக்கிட்டேன். என் பெண்டாட்டி, "இத்தனை வருஷம் நான் சொன்னேன், காதுல ஏறல, எவளோ சொன்னா ஏறுதா"ன்னு ஒரு வாரம் பேசல.

சொல்லாத ஸ்கூலுக்குப் போற நாள் மட்டும் அவ முகம் செத்துடும். டாக்டரம்மா பல்லைப் பார்த்துச் சொல்லச் சொல்ல இவ குறிச்சுக்குவா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டினா.

ரெண்டாவது வருஷம் ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு சின்னப் பொண்ணு சேர்ந்துச்சு. துறுதுறுன்னு இருக்கும், சுண்டெலின்னு நாங்க கூப்பிடுவோம். அன்னைக்கு டாக்டரம்மா போன் வந்து வெளிய போனாங்க. சுண்டெலி கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்துச்சு. என்ன அதுன்னு பல்லக்கா கையால கேட்டா. "மிட்டாய். காலையில சாப்பிடல. அம்மா வேலைக்குப் போறப்ப குடுத்துட்டுப் போச்சு"ன்னுட்டு அது சிரிச்சுச்சு. சிரிச்சப்ப வாயைக் கையால பொத்திக்கிச்சு.

பல்லக்கா அப்படியே நின்னா. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் அவ கையை வாய்க்குள்ள விட்டா. மேல் செட்டைக் கழட்டி உள்ளங்கையில வச்சு பிள்ளைங்க முன்னாடி நீட்டினா.

ஒரே கூச்சல்! ரெண்டு பிள்ளை அழுதுச்சு. அவ ஒரு வார்த்தை பேசல. சுண்டெலி கையில இருந்த மிட்டாய்க் காகிதத்தை வாங்கித் தன் வெறும் ஈறு மேல வச்சுக் காட்டினா. அப்புறம் விரலால பல்லு விளக்குற மாதிரி மேலயும் கீழயும் தேய்ச்சுக் காட்டினா. பொக்கை வாயோட, கண்ணுல தண்ணியோட. வகுப்பு அடங்கிப் போச்சு. சுண்டெலி மிட்டாயைத் துப்பிட்டு, பல் செட்டை ஒரு விரலால தொட்டுப் பார்த்துச்சு.

வண்டியில ஏறினதும், "அண்ணே, நான் ஒரு வார்த்தைகூடப் பேசலியே"ன்னா.

"ஆமாமா, வாயைத் திறக்காதேன்னாங்க, நீ வாயையே கழட்டிட்டே"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். பாவி, சிரிச்சேனே.

ஸ்கூல் முழுக்க அது தீயா பரவுச்சு. பல்லு விளக்கலேன்னா பல்லக்கா மாதிரி ஆயிடுவேன்னு பெரிய பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்களை மிரட்டுச்சுங்க. வாசல்ல மிட்டாய் விக்கிறவன், "வியாபாரமே படுத்துடுச்சு, எதாவது மந்திரம் போட்டீங்களா?"ன்னு என்னைக் கேட்டான். எனக்கு அப்பவும் உறைக்கல. பிள்ளைங்களுக்கு நல்லதுதானேன்னு இருந்துட்டேன்.

மூணு வருஷம் முடிஞ்சுச்சு. எது எந்த ஸ்கூல்னு தெரியாத வெளி டாக்டருங்க வந்து பல்லைப் பார்த்தாங்க. கணக்குப் போட்டு முடிச்சு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டப்ப அவங்க முகம் வெளுத்திருந்துச்சு. "ரெண்டு ஸ்கூல்லயும் சொத்தை ஒண்ணுபோல இருக்கு. வித்தியாசமே இல்ல. சொல்லிக் கொடுத்தாலும் ஒண்ணுதான், கொடுக்காட்டியும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. பணத்தை நிறுத்துறாங்க. எங்க தப்பு பண்ணினேன்னே தெரியல"ன்னுட்டு மேசையில தலையை வச்சுக்கிட்டாங்க.

பல்லக்கா செட்டைக் கழட்டி மேசை மேல அவங்க முன்னாடி வச்சா. நான்தான் நடந்ததைச் சொன்னேன். பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, அவளுக்கு அன்னைக்குச் சுத்தமா சொல்லு வரல.

டாக்டரம்மா அந்தப் பல்லைக் கையில எடுத்துப் பார்த்தாங்க. "நீங்க சொல்லிக் கொடுத்தது ரெண்டு இடத்துலயும் பலிச்சிருக்கு பல்லக்கா. அதனாலதான் தோத்தோம்"னாங்க. நடந்ததை அவங்களும் பணம் குடுக்கிற பெரியவங்களுக்கு எழுதித்தான் பார்த்தாங்க. அப்படின்னா ஆராய்ச்சியே செல்லாது, மறுபடி முதல்ல இருந்துதான் பண்ணணும், அதுக்குப் பணம் இல்லன்னு பதில் வந்துச்சு. "உங்க மேல கோபம் இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்"னு கடைசி நாள்ல பல்லக்காகிட்ட சொல்லிட்டு, அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. உள்ளதும் போச்சு. சொல்ற ஸ்கூல்லயும் இப்ப யாரும் சொல்றதில்ல.

நான் இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுறேன், அதே சொல்லாத ஸ்கூலுக்கு. சுண்டெலி வளர்ந்துடுச்சு. பால் பல்லு விழுந்து புதுப் பல்லு முளைச்சு, கையை எடுத்துட்டு ஈன்னு சிரிக்குது. இந்த வருஷம் அதோட தம்பி ஏறினான். வாயைத் திறந்தா முன்பல்லு நாலும் கருப்பு. கன்னத்துல மிட்டாய்.

"நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான் டிரைவரண்ணா. பல்லக்கா வந்து கழட்டிக் காட்டினாத்தான் கேப்பான். கூட்டிட்டு வாங்க"ன்னுச்சு சுண்டெலி.

அன்னைக்குச் சாயங்காலமே அவ வீட்டுக்குப் போனேன். ரெடிமேட் கடைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தா. அம்மா படுக்கையில. விஷயத்தைச் சொல்லி, "ஒரே ஒரு நாள் வா தங்கச்சி. இப்ப உன்னை யாரு தடுக்கப் போறா?"ன்னேன்.

எழுந்து போய் அலமாரியில இருந்து செட்டை எடுத்துட்டு வந்தா. டாக்டரம்மா மேசையில கழட்டி வச்சதுக்கப்புறம் அவ அதைப் போடவே இல்லையாம். அத்தனை மாசத்துல ஈறு சுருங்கிப் போயிருந்துச்சு. மாட்டினா நிக்கல. ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தா, ரெண்டு தடவையும் கையிலயே விழுந்துச்சு.

"வெறும் வாயோடவாவது வா"ன்னேன்.

"வெறும் வாயைப் பார்த்தா யாரோ கிழவின்னு நினைப்பாங்க அண்ணே. கழட்டிக் காட்டணும்னா போட்டிருக்கணும்ல"ன்னா. கை வாய்க்குப் போச்சு. அவ சிரிக்கல.