கொயினாவும் கோபமும்

இன்று காலை டிராம் தண்டவாளத்தின் நடுவே ஒருவர் நடந்து போனார். பின்னால் டிராம் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் விடாமல் மணியடித்தார். நானும் "அண்ணே, விலகுங்க!" என்று கத்தினேன். மனிதர் திரும்பவே இல்லை.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். டிராம் எங்களை உரசுவதுபோல் போயிற்று.

நிபோங் திபால் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாம். "காய்ச்சல் விட்டுடுச்சு தம்பி. காதுல இரைச்சல்தான் போகல. அதுக்குத்தான் மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மாத்திரையைக் கூட்டிப் போடுறேன்" என்று புட்டியைக் காட்டினார்.

சூலியா தெரு மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் அவர் காதருகே கத்தினார்: "இரைச்சலும் காது மந்தமும் இந்தக் கொயினாவாலதான் அண்ணே! உடனே டாக்டரைப் பாருங்க!"

காய்ச்சலாய்க் கிடக்கும் என் மனைவிக்கும் நான்தான் கொயினா கொடுக்கிறேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று நேற்று இரண்டு கூடுதலாகவே கொடுத்தேன். நேற்றிரவிலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

டாக்டர் பையை எடுத்து வரும் நேரத்தில் இதை எழுதி, அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிற வழியில் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறார்களா? சண்டைக்குப் போகுமுன் மாத்திரைப் புட்டியைப் பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள்.